வாட்டில் மரத்தைக் கரியாக்குவது எப்படி: டர்பன் பக்கம் புதிதாக இறங்குபவர்களுக்கு

முதுகுளத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கரிமூட்டம் தெரியாமல் இருக்காது. சீமைக்கருவேலத்தைத் தறித்து, வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசி மூடி, உள்ளே நெருப்பை இறக்கி விட்டுப் பல நாள் கண்விழித்துக் காவல் இருப்பார்கள். என் தாத்தாவுக்கு அதுதான் தொழில். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பிழைக்க வந்து, வெருலம் தாண்டி ஒரு சின்னத் தோட்டத்தை எடுத்தபோது, வேலி ஓரம் நெடுக இன்னொரு சீமைக்கருவேலம் நின்றது. இங்கே அதற்குப் பெயர் கறுப்பு வாட்டில். வேலைக்கு வந்த ஜூலு இளைஞர் 'உவாட்டெலா' என்றார். கொடைக்கானல், நீலகிரி பக்கம் சோலையோரப் புல்வெளிகளை விழுங்கிய அதே மரம்தான்.

1864-ல் ஜான் வாண்டர்பிளாங்க் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து இதன் விதையை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவந்து கேம்பர்டவுனில் விதைத்தார். கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. பக்கத்துத் தோட்டத்து அக்கா ஐந்தாம் தலைமுறை. தமிழில் பேசினால் பாதிதான் பிடிபடும், ஆனால் தேவாரம் பாட வரும். அவர் இந்த இரண்டு வருகையையும் சேர்த்து வைத்து ஒன்று சொல்வார்: "நாங்க கரும்பு வெட்டினோம், அது தண்ணி குடிச்சுது."

உண்மைதான். புல்வெளியும் புதரும் குடிப்பதைவிட வாட்டில் அதிகம் குடிக்கும். ஓடையோரம் வந்துவிட்டால் ஓடை மெலிந்துபோகும். அதனால்தான் 1995-ல் நீர்வளத்துறை அமைச்சராக இருந்த காதர் அஸ்மால் (ஸ்டேங்கரில் பிறந்தவர்) காலத்தில், ஆட்களுக்குக் கூலி கொடுத்து அயல் மரங்களை வெட்டும் அரசுத் திட்டம் தொடங்கியது. வெட்டுவதற்கு ஆள் கிடைத்துவிடுகிறது. வெட்டிப் போட்ட மரம்தான் தலைவலி. அப்படியே விட்டால் காட்டுத்தீக்குத் தீனி; குவித்துக் கொளுத்தினால் மண்ணுக்குள் கிடக்கும் வாட்டில் விதைக்குச் சூடு காட்டி எழுப்பிவிட்டது போல ஆகும். அந்த மரத்தை உருப்படியாக என்ன செய்யலாம் என்று புதிதாகக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு அடுப்புக்கும், நெருப்பில் இறைச்சி சுடும் வார இறுதி பிராய்க்கும் மட்டும் எரிபொருள் வேண்டும் என்றால் கரியாக்காதீர்கள். விறகை நன்றாகக் காயவைத்து அப்படியே எரியுங்கள். கரியாக்கும்போது மரத்தில் இருக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். விற்க வேண்டும், தூரம் கொண்டுபோக வேண்டும், புகையில்லாமல் எரிய வேண்டும், அல்லது மண்ணில் போட வேண்டும். இந்த நான்கில் ஒன்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

வெட்டும் முன்

கறுப்பு வாட்டில் 2014-ல் வந்த அயல் இனங்கள் பட்டியலில் இரண்டாம் வகை. அனுமதி இல்லாமல் வளர்க்கக் கூடாது. உங்கள் நிலத்தில் தானாக முளைத்திருந்தால் கட்டுப்படுத்துவது உங்கள் பொறுப்பு. ஆக, சொந்த நிலத்தில் வாட்டிலை வெட்டத் தயங்க வேண்டாம். தயங்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் நாட்டு மரங்களிடம். 1998-ன் தேசிய வனச் சட்டப்படி இயற்கைக் காட்டில் நிற்கும் உள்நாட்டு மரத்தை உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. சில மரங்கள் எங்கே நின்றாலும் பாதுகாப்பில் இருக்கின்றன. மரத்தை அடையாளம் காணத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வந்து, வெட்ட வேண்டியதற்கு மட்டும் சாயம் அடித்துவிடுங்கள். பாங்கா என்ற வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

விறகுக் குவியலில் மூன்று சாமான்கள் வரவே கூடாது. ஒன்று, பச்சை நிறம் ஏறிய வேலிக்கம்பம். செல்லரிக்காமல் இருக்கத் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஏற்றியிருப்பார்கள். எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். இரண்டு, அரளி. டர்பன் வீட்டு வாசல்களில் அழகுக்கு வைத்திருப்பார்கள், விஷம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று, டம்போட்டி என்ற உள்ளூர் மரம். பார்க்க அழகான கட்டை, ஆனால் அதன் புகையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெட்டிய அடிக்கட்டையில் பட்டையைத் தரைமட்டம் வரை உரித்து விடுங்கள். இல்லையென்றால் ஓரத்திலிருந்து துளிர்க்கும். காய் முற்றிய கிளைகளை பக்கி என்ற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடாதீர்கள். விதை மண்ணில் ஐம்பது வருடம் வரை உயிரோடு கிடக்கும் என்கிறார்கள்.

பிரித்து வைத்தல்

மரம் விழுந்ததும் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பருமன் பார்த்துப் பிரியுங்கள். நேரான, தொடைப் பருமன் கட்டைகள் கம்பமாகவோ பலகையாகவோ போகட்டும். கரியாக்குவதைவிட அதில் காசு அதிகம், கார்பனும் நீண்ட நாள் மரத்திலேயே தங்கும். கரியாக்க இரண்டு வழி பின்னால் சொல்கிறேன், டிரம், குழி என்று. கைப் பருமன் கட்டைகள் டிரம்முக்கு. மணிக்கட்டிலிருந்து விரல் பருமன் வரை குழிக்கு. அதற்கும் சின்னக் குச்சி, இலை எல்லாம் நிலத்திலேயே கிடக்கட்டும். வாட்டில் தழைச்சத்து பிடிக்கும் மரம், அதன் இலையை எரிப்பது உரத்தை எரிப்பது மாதிரி.

பட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. வாட்டில் இந்த ஊரில் பெருகியதே பட்டைக்காகத்தான். காய்ந்த பட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோல் பதனிடும் துவர்ப்புச் சத்து இருக்கும். நம் ஊரில் ஆவாரம் பட்டை செய்த வேலையை இது செய்தது. தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் அதன் சாறும் அந்தக் காலத்தில் சென்னை மாகாணத் தோல் தொழிலுக்குக் கப்பலேறிப் போயின. பலகைகளை ஒட்டும் பசையும் இதிலிருந்து செய்கிறார்கள். ஆனால் பட்டை உரித்தல் தனித் தொழில்: மரத்தில் சாறு ஓடும் பருவத்தில், வெட்டிய சூட்டோடு உரிக்க வேண்டும். ஆலை அருகில் இருந்து, அளவும் நிறைய இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஈரம்

இந்த வேலையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் நெருப்பில் தோற்பதில்லை, ஈரத்தில் தோற்கிறார்கள். நானும் அப்படித்தான். முதல் வருடம் வெட்டி மூன்று வாரம் ஆன மரத்தை, மேலே காய்ந்தது போல இருக்கிறதே என்று குழியில் போட்டுவிட்டேன். மதியம் முழுக்க மஞ்சள் புகை. பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நாறி, தீயணைப்பு வண்டி வந்து நின்று, நான் தலைகுனிந்து நின்றேன். கரி என்று கிடைத்தது இரண்டு சாக்கு வேகாத கட்டை.

கணக்கு இதுதான். பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர். 100 கிலோ பச்சை மரத்தில் உண்மையான மரம் 50 கிலோதான். அதை ஈரம் 20 சதவீதம் ஆகும் வரை காயவைத்தால் 62 கிலோ சொச்சம் நிற்கும். மரத்தின் அளவு மாறவில்லை, 37 கிலோ தண்ணீர் காற்றில் போய்விட்டது, செலவில்லாமல். அதைக் காயவைக்காமல் நெருப்பில் போட்டால் ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் சூடாக்கி ஆவியாக்க 2.6 மெகாஜூல் செலவாகும். பச்சை விறகு கிலோவுக்கு சுமார் 8 மெகாஜூல் தரும். 20 சதவீத ஈரத்தில் அதே விறகு 14 தரும்.

காயவைக்க இந்த ஊர்க் காலநிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குவாசுலு-நேட்டாலில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. மே முதல் ஆகஸ்ட் வரை வானம் வறண்டிருக்கும். ஏப்ரல் கடைசியில் வெட்டி, கட்டைகளைக் குழிக்குள்ளோ டிரம்முக்குள்ளோ அடங்கும் நீளத்துக்குத் துண்டாக்கி, மணிக்கட்டைவிடப் பருத்ததைப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கம்பத்தின்மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் சுற்றி மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இட்லிப் பானையில் வைத்து மூடியது போலத்தான் அது. பிளந்த மெல்லிய கட்டை மூன்று மாதத்தில் தயாராகும். பிளக்காத உருண்டைக் கட்டை ஒரு வருடம் ஆனாலும் நடுவில் ஈரம் வைத்திருக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி வாங்கலாம். இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். கட்டையின் நடுவிலிருந்து மெல்லிய வில்லைகள் அறுத்து எடை போடுங்கள். ஓவனில் 105 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் 80 கிராம் ஆனால் ஈரம் 20 சதவீதம். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் தராசே வேண்டாம்: இரண்டு கட்டையைத் தட்டினால் காய்ந்தது 'டங்' என்னும், ஈரமானது 'தொப்' என்னும்.

குழி: மண்ணுக்கும் கரிக்கட்டிக்கும் வேண்டிய கரி

புதியவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மண்வெட்டி போதும். கூம்பு வடிவத்தில் மேல்வாய் நாலு அடி, ஆழம் இரண்டு அடி, சுவர் சரிவாக ஒரு குழி வெட்டுங்கள். சுவிட்சர்லாந்தில் 2014-ல் இதே முறையைத் தகரத்தில் கூம்பாகச் செய்து கான்-டிக்கி என்று பெயர் வைத்தார்கள். தகரம் இருந்தால் இடம் மாற்றிக்கொள்ளலாம், மற்றபடி வித்தியாசம் பெரிதாக இல்லை.

நாள் பார்ப்பது முக்கியம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலைப்பக்கமிருந்து இறங்கும் வறண்ட சூட்டுக்காற்றை இங்கே பெர்க் காற்று என்பார்கள். அந்தக் காற்று வீசும் நாளில் தீப்பெட்டியைக்கூடத் தோட்டத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். தீ அபாயக் குறியீடு சிவப்பில் இருந்தால் திறந்தவெளித் தீ சட்டப்படியே குற்றம். உங்கள் பகுதித் தீத் தடுப்புச் சங்கத்திலும் நகராட்சித் தீயணைப்புப் பிரிவிலும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். பக்கத்து வீடுகளிலும் ஒரு வார்த்தை. குழியைச் சுற்றிப் பத்து அடிக்குப் புல்லைச் செதுக்கி, 250 லிட்டர் தண்ணீரை முதலிலேயே நிரப்பி வையுங்கள். நெருப்பு வைத்த பிறகு குழாயை நம்பாதீர்கள்; டர்பனில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

சரி, இனி நெருப்பு. குழியின் நடுவில் விரல் பருமன் குச்சிகளைச் சதுரமாக மாற்றி மாற்றி அடுக்கி ஒரு சிறு கோபுரம் கட்டுங்கள். அதன் உச்சியில் பற்ற வையுங்கள், அடியில் இல்லை. மேலிருந்து கீழே எரியும்போது கீழிருந்து வரும் புகை தீ நாக்கைக் கடந்துதான் வெளியேற வேண்டும், அங்கேயே எரிந்துவிடும். கோபுரம் சரிந்து கங்கானதும் குழியின் அடியில் பரப்பிவிட்டு முதல் அடுக்கு விறகைப் போடுங்கள்.

அடுத்த அடுக்கு எப்போது? கட்டைகள் கறுத்து, ஓரங்களில் வெள்ளையாகச் சாம்பல் படரும்போது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்த நீறு பூக்கத் தொடங்கும் நேரம்தான் அடையாளம். சாம்பல் படர்கிறது என்றால் கரியே எரியத் தொடங்கிவிட்டது. உடனே மேலே ஒரு மெல்லிய அடுக்கு போட்டால் அது எரிந்து, வருகிற காற்றையெல்லாம் தானே தின்றுவிடும். கீழே இருக்கும் கரிக்குக் காற்று கிடைக்காது, அது கரியாகவே நிற்கும். இந்த முறையின் சூட்சுமம் முழுதும் இதில்தான். மூட்டத்தில் தாத்தா மண்ணால் மூடியதை இங்கே தீயால் மூடுகிறோம்.

புகை வருகிறதா? ஒன்று, அவசரப்பட்டு நிறையப் போட்டுவிட்டீர்கள். அல்லது விறகு ஈரம். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இப்படி அடுக்கடுக்காக இரண்டரை, மூன்று மணி நேரத்தில் குழி நிறையும்.

தீமிதிக்குப் பூக்குழி இறக்கிப் பழகிய பெரியவர்கள் இங்கே எல்லாக் கோயிலிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை முதல் தடவை கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கங்கின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பூக்குழிக்குக் கட்டை முழுதும் கங்காக வேண்டும், நமக்கு அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். என் முதல் குழியில் வந்த பெரியவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அழகான பூக்குழி ஒன்றை இறக்கிக் கொடுத்தார். கரிதான் பாதியாகிவிட்டது.

கடைசி அடுக்கில் தீ நாக்கு அடங்கியதும் தண்ணீரை ஊற்றுங்கள். தாராளமாக, வாரிக் கிளறிக்கொண்டே, காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு. ஆவி கையை வேக வைத்துவிடும், நீளமான வாரி வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்க மண்ணைப் போட்டு மூடலாமே என்று எனக்கும் தோன்றியது. மூடினேன். எங்கோ ஒரு விரிசல் இருந்திருக்கிறது. காலையில் திறந்தால் அரை அடி சாம்பல்.

இந்த அளவுக் குழிக்கு 200 கிலோ காய்ந்த விறகு போட்டால் 30 முதல் 35 கிலோ கரி, உலர்ந்த எடையில். இது தண்ணீரில் நனைந்த கரி. அடுப்புக்கு உடனே ஆகாது. மண்ணுக்கும், தூளாக்கிக் கட்டி பிடிக்கவும் இதுதான் சரி.

டிரம்: அடுப்புக்கும் பிராய்க்கும் வேண்டிய கரி

விற்பனைக்கு ஏற்ற முழுக்கட்டிக் கரி வேண்டும் என்றால் இரண்டு டிரம். வெளியே 200 லிட்டர், உள்ளே அதைவிட நாலு விரல் இடைவெளி இருக்கும்படி ஒரு சிறிய டிரம். சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பாருங்கள். பெயின்ட்டோ ரசாயனமோ வந்தது வேண்டாம். துத்தநாகம் பூசிய டிரம்மும் வேண்டாம், அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும்.

சிறிய டிரம்மில் ஒரே பருமனான கட்டைகளை நெருக்கமாகக் குத்தி நிறுத்துங்கள். பெரிய டிரம்மை அதன்மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் புரட்டினால், சிறியது தலைகீழாக உள்ளே உட்கார்ந்துவிடும். இரண்டு ஆள் வேண்டிய வேலை, முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டிரம்மின் அடிப்பக்கம் சுற்றிலும் காற்று வரப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, மேலே புகைக்குழாய் வைத்த மூடி. இடைவெளியில் காய்ந்த குச்சிகளை நிரப்பி மேலே பற்ற வையுங்கள்.

முதலில் வெள்ளையாக வருவது நீராவி. உள்ளே சூடு 280 டிகிரியைத் தாண்டும்போது மரமே உடைந்து வாயுவை விடத் தொடங்கும். அந்த வாயு சிறிய டிரம்மின் வாய் வழியாகக் கீழே இறங்கி, இடைவெளியில் இருக்கும் தீயில் பட்டு எரியும். அப்போது கேட்கும் 'ஹோ' என்ற இரைச்சலை ஒருமுறை கேட்டால் மறக்காது: மரம் தன் வாயுவாலேயே தன்னை வேக வைத்துக்கொள்கிறது. ஒன்றரை மணி நேரம் போல இரைந்து, பிறகு அடங்கும். புகைக்குழாயில் மெல்லிய நீலப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. அடி ஓட்டைகளையும் புகைக்குழாயையும் களிமண்ணால் அடைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

தூங்கப் போங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் ஒருமுறை இரவு பத்து மணிக்கே டிரம்மைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டதென்று திறந்தேன். வெளித் தகரம்தான் ஆறியிருந்தது. காற்றுப் பட்டதும் மொத்தக் கரியும் என் கண்முன்னால் சிவந்து எழுந்தது. புருவம் வளர இரண்டு மாதம் ஆனது.

30 கிலோ விறகுக்கு 7, 8 கிலோ கரி கிடைக்கும். நல்ல கரி தட்டினால் கணீரென்று ஒலிக்கும், உடைத்த முகம் பளபளக்கும். உடைத்தால் பழுப்பு தெரிந்தால் வேகவில்லை. அடுத்த தடவை அதையே இடைவெளி விறகாகப் போட்டுவிடுங்கள்.

புதுக் கரியை அன்றே சாக்கில் கட்டாதீர்கள். அது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே சூடாகும். குவியலாக இருந்தால் தானே பற்றிக்கொள்ளும். கப்பலில் ஏற்றும்போது கரி ஆபத்தான சரக்கு வகையில் வருவது இதனால்தான். நிழலில், மெல்லிய படலமாக ஒரு நாள் முழுக்கப் பரப்பி வைத்துவிட்டுக் காகிதப் பையில் போடுங்கள். வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்க வேண்டாம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஜூலையில் குளிருக்காக இம்பாவுலா என்ற ஓட்டை போட்ட தகர அடுப்பில் கங்கை வைத்து அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கரிக்குப் புகை இல்லை, அதனால் ஆபத்து தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடும்பத்தோடு தூக்கத்தில் போனவர்கள் உண்டு. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பையின்மேலும் இதை எழுதி ஒட்டுங்கள், ஜூலுவிலும் சேர்த்து.

தூளிலிருந்து கரிக்கட்டி

எப்படிச் செய்தாலும் கரியில் கொஞ்சம் தூளாகப் போகும். அதைச் சலித்து, 10 கிலோ தூளுக்கு 600, 700 கிராம் மீலி மாவை (மக்காச்சோள மாவு) ஐந்தாறு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசையுங்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அக்காமார்களுக்கு இந்தப் பதம் சொல்லித் தர வேண்டாம். கூழ் கெட்டியாகத் தெளிவாக வர வேண்டும். பச்சை மாவு பிடிக்காது. பிசைந்த தூள் புட்டு மாவுப் பதத்தில் இருக்கட்டும், பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இரண்டு அங்குலக் குழாய்த் துண்டில் அடைத்து நெம்புகோலால் அழுத்தித் தள்ளினால் கட்டி தயார். குளிர்காலத்தில் நாலைந்து நாளில் காயும். ஜனவரியில் செய்தால் பூஞ்சைதான் பூக்கும், செய்யாதீர்கள்.

மண்ணில் போடுவது

என்னைக் கேட்டால் சின்னத் தோட்டக்காரருக்கு இதுதான் மிகப் பெரிய லாபம். கரியில் ஏறக்குறைய எண்பது சதவீதம் கார்பன். ஒரு குழியின் 35 கிலோ கரியை மண்ணில் புதைத்தால், எரிந்திருந்தால் சுமார் 100 கிலோ கரியமில வாயுவாகப் போயிருக்கக் கூடிய கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். ஆனால் குழியிலிருந்து எடுத்ததை அப்படியே பாத்தியில் கொட்டாதீர்கள். பசித்த கரி மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முதலில் தானே பிடித்துக்கொள்ளும். செடி வெளுத்துப் போகும். கோழி எருவோ சாணக் கரைசலோ மக்கோ சம அளவு கலந்து, ஈரமாக மூன்று வாரம் ஊறப் போட்டுவிட்டு, சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கரி என்ற கணக்கில் மேல்மண்ணில் கொத்திவிடுங்கள். இந்தப் பக்கத்துச் சிவந்த மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது. கரியோடு வரும் சாம்பல் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். என் தோட்டத்தில் மடும்பி என்ற சேப்பங்கிழங்கும் மிளகாயும் நன்றாக ஏற்றுக்கொண்டன. முருங்கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அது எங்கே வைத்தாலும் வளரும்.

ஆசைப்பட வேண்டாதவை

மரத்திலிருந்து டீசல், பெட்ரோல் செய்யலாமா என்று யாராவது ஒருவர் எப்போதும் கேட்பார். செய்யலாம். மரத்தைக் காற்று குறைத்துச் சூடாக்கி வாயுவாக்கி, அந்த வாயுவை வினையூக்கிமேல் செலுத்தித் திரவமாக்க வேண்டும். செகுண்டாவில் சசோல் நிறுவனம் நிலக்கரியை வைத்து இதைத்தான் செய்கிறது. மரவாயுவில் தார் அதிகம், அதைச் சுத்தம் செய்வதிலேயே பெரிய பெரிய ஆலைகள் திணறியிருக்கின்றன. கொல்லைப்புறத்தில் ஆகாத காரியம். மரத்தூளை அழுத்தி உருளை செய்யும் பெல்லட் இயந்திரமும் அப்படித்தான்: தூள் 10 சதவீத ஈரத்துக்கு வர வேண்டும், மும்முனை மின்சாரம் வேண்டும். மர ஆலை வைத்திருப்பவருக்கு அது சரி.

ஆனால் பெரிய ஆலைகள் மரத்தை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் நல்ல கட்டைக்கு அவர்களும் வாங்குபவர்கள்தான். மரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள், மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸும், நாரைப் பிணைத்து வைக்கும் லிக்னினும். டர்பனுக்குத் தெற்கே உம்கோமாசில் உள்ள சாப்பி நிறுவனத்தின் சாய்க்கார் ஆலை, தைலமரத்திலிருந்து (இங்கே புளூகம் என்பார்கள்) செல்லுலோஸை மட்டும் பிரித்துக் கரையும் மரக்கூழாக்கி உலகெங்கும் அனுப்புகிறது. அதிலிருந்துதான் விஸ்கோஸ் நூல். தீபாவளிக்குக் கட்டும் ரேயான் சேலையின் மூலம் உம்கோமாஸ் ஆற்றங்கரையாக இருக்கலாம். இப்படிப் பிரியும் லிக்னினுக்கும் வேலை உண்டு. அது மண்சாலைத் தூசியை அடக்கவும் கான்கிரீட்டில் கலக்கவும் உதவும். செசலா கரும்பு ஆலையில் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் என்ற ரசாயனம் எடுக்கிறார்கள். மரத்தின் ஹெமிசெல்லுலோஸிலிருந்தும் அதே சரக்கை எடுக்கலாம். டர்பனிலேயே அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் 2018-ல் திறந்த உயிர்ச்சுத்திகரிப்புக் கூடம் மரக்கழிவு, மரத்தூள் போன்றவற்றை இப்படிப் பிரித்தெடுக்கும் வழிகளைச் சோதித்துப் பார்க்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1947-ல் வாட்டில் ஆராய்ச்சிக்கென்று தொடங்கிய நிறுவனம் பின்னர் வணிகக் காடுகள் அனைத்துக்குமான ஆராய்ச்சி நிலையமாக மாறியது. வாட்டில் பற்றிய சந்தேகங்களுக்கு அங்கே வெளியிட்டவற்றைத் தேடிப் படியுங்கள்.

மழைக்குப் பிறகு

அக்டோபரில் முதல் மழை விழுந்ததும், வெட்டிய இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அரைக்கீரை விதைத்தது போல வாட்டில் நாற்று முளைத்திருக்கும். மலைத்துப் போக வேண்டாம். சாண் உயரம் வரும்போது மண் ஈரமாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கையாலேயே பிடுங்கிவிடலாம், வேரோடு வந்துவிடும். முழங்கால் உயரம் விட்டீர்களானால் மண்வெட்டி வேண்டும். இடுப்பு உயரம் விட்டால் மறுபடியும் இந்தக் கட்டுரையின் முதல் பத்தி. நானும் அக்காவும் சனிக்கிழமை காலை ஆளுக்கு ஒரு வரிசை எடுத்துக்கொள்வோம். பிடுங்கியதை அங்கேயே தலைகீழாகப் போட்டுவிட்டு வந்துவிடுவோம், குழிக்குக் கொண்டுவருவதில்லை. அதில் இருப்பது அத்தனையும் தண்ணீர்.